தலைக்கு ஒன்றரை லட்சம் என்ற பொய்க்கணக்கு

தனி விமானம் இனி கோடீஸ்வரர்களுக்கு மட்டும் உரியதல்ல என்ற பேச்சு பரவிக்கொண்டிருக்கிறது. அறுபதாம் கல்யாணம், திருமண நாள், பிள்ளையின் நிச்சயதார்த்தம் என்று குடும்பத்தோடு மாலத்தீவு ரிசார்ட்டுக்குப் போக நினைப்பவர்களிடம் அந்தப் பேச்சு ஒரு கணக்கையும் சேர்த்தே கொண்டுவருகிறது. சென்னையிலிருந்து மாலேவுக்கு இரண்டு மணி நேரம். போக இரண்டு, வர இரண்டு, மொத்தம் நான்கு. எட்டுப் பேர் உட்காரும் ஜெட்டுக்கு மணிக்கு 3 லட்சம் ரூபாய் வாடகை என்றால் 12 லட்சம். எட்டால் வகுத்தால் தலைக்கு ஒன்றரை லட்சம். பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் சொந்த விமானம் போலப் போய்வரலாமே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

யோசிக்க நிறைய இருக்கிறது, ஏனென்றால் இந்தக் கணக்கு அடியிலிருந்தே தவறு. நாம் வானத்தில் இருக்கும் நேரத்துக்குத்தான் பணம் கட்டுகிறோம் என்று அது நம்பவைக்கிறது. சார்ட்டரில் நாம் எடுப்பது ஒரு முழு விமானம், இரண்டு விமானிகள், உடன் வரும் பணியாளர்கள். அவர்கள் தங்கள் ஊரிலிருந்து கிளம்பிய நொடியிலிருந்து திரும்பிப் போய்ச் சேரும்வரை மீட்டர் ஓடுகிறது. அதில் நாம் உட்கார்ந்திருக்கும் நேரம் சிறு பகுதி. செலவைத் திட்டமிட நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது மணிக்கு எவ்வளவு என்றல்ல. விமானம் இப்போது எந்த ஊரில் நிற்கிறது என்றுதான்.

இது நமக்குத் தெரியாத விஷயமும் அல்ல. வெளியூருக்கு டாக்ஸி பேசும்போது ரிட்டர்ன் வண்டிக்கும் சேர்த்துத்தானே கொடுக்கிறோம்? ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர், டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் தனி என்பதையெல்லாம் கேட்காமல் யாரும் வண்டியில் ஏறுவதில்லை. ஆயிரக்கணக்கில் செலவாகும் இடத்தில் இவ்வளவு விவரமாகப் பேரம் பேசுகிற நாம், லட்சக்கணக்கில் செலவாகும் இடத்தில் ஒரு பெருக்கலையும் ஒரு வகுத்தலையும் போட்டுத் திருப்திப்பட்டுக்கொள்வது வேதனை.

அவர்கள் சொன்ன அதே 3 லட்சத்தை எடுத்துக்கொண்டு கணக்கை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். இந்தியாவில் வாடகைக்குக் கிடைக்கும் தனி விமானங்களில் பெரும்பகுதி டெல்லியையும் மும்பையையும் தளமாகக் கொண்டவை. ஹாக்கர் 800எக்ஸ்பி போன்ற எட்டு இருக்கை ஜெட் ஒன்று மும்பையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் அது மும்பையிலிருந்து சென்னைக்குக் காலியாக வர வேண்டும். ஒன்றே முக்கால் மணி. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மாலே, இரண்டு மணி. அங்கே இறக்கிவிட்டு மறுபடி காலியாக மும்பை, இரண்டேகால் மணி. ஐந்தாம் நாள் இதே பாதை தலைகீழாக: காலியாக மாலே, குடும்பத்தோடு சென்னை, காலியாக மும்பை. கூட்டினால் 12 மணி நேரம். அதில் குடும்பம் உள்ளே இருந்தது 4 மணி. மீதி 8 மணி நேரமும் காலி இருக்கைகள்தான் பறந்திருக்கின்றன. தொழிலில் இருப்பவர்கள் இதை ஃபெர்ரி என்பார்கள். வாடகை 12 லட்சம் அல்ல, 36 லட்சம்.

அப்படியானால் விமானத்தை மாலேவிலேயே நிறுத்திவைத்தால் மிச்சமாகுமே என்று தோன்றும். ஆகாது. இந்திய ஆபரேட்டர்கள் பலரிடம் நாள் ஒன்றுக்குக் குறைந்தபட்சம் இரண்டு மணி நேரப் பறத்தலுக்குக் கட்டணம் என்ற வழக்கம் உண்டு. விமானம் அசையாமல் நின்றாலும் அந்தக் கட்டணம் ஏறும். நான்கு இரவுப் பயணத்தில் இடையில் மூன்று நாள் சும்மா நிற்கும். அது மட்டும் 6 மணி, 18 லட்சம். பறக்கும் ஏழரை மணிக்கு 22.5 லட்சம். ஆக 40.5 லட்சம். விமானிகளின் ஹோட்டல் அறை, சாப்பாடு, பார்க்கிங் எல்லாம் அதற்கு மேல். போதாததற்கு, டிசம்பர் கடைசியிலும் ஜனவரி தொடக்கத்திலும் மாலேவின் வெலானா விமான நிலையத்தில் தனி விமானங்களுக்கு நிறுத்த இடம் கிடைப்பதே கடினம். ஆட்களை இறக்கிவிட்டு வேறு ஊருக்குப் போய் நிற்கும்படி ஆகலாம். அந்தப் பறத்தலும் நம் பில்லில்தான் ஏறும்.

அடுத்து வரி. சார்ட்டர் வாடகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 36 லட்சத்துக்கு 6.48 லட்சம். மாலத்தீவு அரசும் தன் பங்குக்குக் காத்திருக்கிறது. 2024 டிசம்பர் 1 முதல் அங்கிருந்து புறப்படும் வெளிநாட்டவருக்குப் புறப்பாட்டு வரி, விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் என்று இரண்டு வசூல் இருக்கிறது. இரண்டும் பயணி எந்த வகுப்பில் பறக்கிறார் என்பதைப் பொறுத்து மாறும். எகானமிக்கு ஒவ்வொன்றும் 50 டாலர், பிசினஸுக்கு 120, முதல் வகுப்புக்கு 240, தனி விமானத்துக்கு 480. எட்டுப் பேர் தனி விமானத்தில் திரும்பினால் 7,680 டாலர். டாலரை 85 ரூபாய் என்று வைத்தாலே ஆறரை லட்சம். அதே எட்டுப் பேர் எகானமியில் வந்தால் 800 டாலர். தனி விமானமும் பிசினஸ் கிளாஸும் ஏறக்குறைய ஒன்று என்கிறவர்கள் இந்தக் கட்டணப் பட்டியலைப் பார்க்க வேண்டும். பிசினஸ் பயணியிடம் வாங்குவதைப் போல நான்கு மடங்கை அந்த அரசு தனி விமானப் பயணியிடம் வாங்குகிறது.

இப்போது கூட்டுங்கள். 36 லட்சம், 6.48 லட்சம், 6.5 லட்சம். சுமார் 49 லட்சம். தரையிறங்கும் கட்டணம், ஹேண்ட்லிங், பெர்மிட் செலவு எதையும் இன்னும் சேர்க்கவில்லை. தலைக்கு ஆறு லட்சத்துக்கு மேல். ஒன்றரை லட்சம் என்று தொடங்கிய பேச்சு நான்கு மடங்கில் வந்து நிற்கிறது. அதுவும் எட்டு இருக்கையும் நிரம்பினால். பெரியவருக்கு உடம்பு சரியில்லை, பேத்திக்குப் பரீட்சை என்று இரண்டு பேர் நின்றுவிட்டால் வாடகையில் ஒரு ரூபாய் குறையாது. ஆறு பேர்மீது விழும்போது தலைக்கு ஏறக்குறைய 8 லட்சம். தலைக்கணக்கு என்பதே ஏமாற்றும் கணக்கு. சார்ட்டரில் தலைக்கு இவ்வளவு என்று விலை கிடையாது. மொத்த விலை ஒன்றுதான் உண்டு. அதை வகுத்துக் காட்டுவதன் நோக்கம், பெரிய தொகையைக் கண் உறுத்தாத அளவுக்குச் சின்னதாக்கிக் காட்டுவதே.

பணம் போனாலும் நேரம் மிச்சம் என்பது அடுத்த வாதம். நேரத்துக்கு விலை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. எவ்வளவு நேரம் மிச்சம் என்றுதான் கேட்கிறேன். ஹாக்கர் 800எக்ஸ்பி பறப்பது மணிக்குச் சுமார் 800 கிலோமீட்டர் வேகத்தில். சாதாரணப் பயணிகள் விமானமான ஏர்பஸ் ஏ320உம் அதே வேகந்தான், சற்றுக் கூடுதலாகவே இருக்கும். வானத்தில் எந்த லாபமும் இல்லை. மிச்சமாவது விமான நிலைய வரிசையும், கொழும்பு அல்லது பெங்களூர் வழியாகப் போனால் அங்கே மாறும் நேரமும். அது சில மணி நேரம். ஆனால் மாலத்தீவுக்குப் போகும் வழியில் நேரத்தைத் தீர்மானிப்பது ஜெட் இல்லை. வெலானா இருப்பது ஹுல்ஹுலே தீவில். ரிசார்ட் இருப்பது வேறொரு தீவில். நடுவில் கடல். தொலைவிலுள்ள ரிசார்ட்டுகளுக்குச் சீபிளேனில் போக வேண்டும். சீபிளேன் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும்.

இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். மும்பையில் நெரிசல் நேரங்களில் தனி விமானங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. அதனால் காலையில் கிளம்ப வேண்டிய ஜெட் பதினொரு மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னைக்கு வரும்போது பன்னிரண்டே முக்கால். எரிபொருள், இமிக்ரேஷன், சுங்கம் முடிந்து ஒன்றே முக்காலுக்குப் புறப்பாடு. மாலேவில் இறங்கும்போது நம் கடிகாரத்தில் மூன்றே முக்கால். அங்கே அரை மணி பின்னால் என்பதால் மூன்றேகால். பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிப் பெட்டிகளோடு சீபிளேன் முனையத்துக்குப் போய்ச் சேருமுன் அன்றைய கடைசிச் சீபிளேன் கிளம்பிவிடக்கூடும். கிளம்பிவிட்டால் எட்டுப் பேருக்கும் அன்றிரவு மாலேவிலோ ஹுல்ஹுமாலேவிலோ அறை எடுக்க வேண்டும். ரிசார்ட்டில் அந்த இரவுக்குக் கட்டிய பணம் திரும்ப வராது. லட்சங்களைக் கொட்டி மிச்சம் பிடித்த மூன்று மணி நேரத்துக்குப் பதிலாக ஒரு முழு மாலையும் இரவும் கைவிட்டுப் போகும்.

சீபிளேன் செலவையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஜெட் விற்பவரின் பொறுப்பு வெலானாவில் முடிகிறது. ரிசார்ட்டின் பொறுப்பு அதன் படகுத்துறையில் தொடங்குகிறது. இடையிலுள்ள பயணத்துக்குப் பல ரிசார்ட்டுகளில் ஒருவருக்குப் போக வர 400 டாலருக்கும் மேல். பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ என்று வரம்பு வேறு. ஜெட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று பட்டுப்புடவைகளையும் விருந்துச் சாமான்களையும் அடுக்கிக்கொண்டு போனவர்கள் சீபிளேன் தராசின் முன் கூடுதல் கிலோவுக்குப் பணம் எடுத்துவைக்க வேண்டும்.

மூன்றாவது வாதம் எம்ப்டி லெக். காலியாகத் திரும்பும் விமானத்தில் கால் விலைக்கு இடம் கிடைக்கும், புத்திசாலிகள் அதைத்தான் பிடிக்கிறார்கள் என்கிறார்கள். அப்படிப்பட்ட விற்பனை உண்டு, பொய்யில்லை. ஆனால் அந்தப் பயணத்தின் தேதியும் நேரமும் திசையும் வேறொருவருடையவை. முழு விலை கொடுத்த வாடிக்கையாளர் ஒரு நாள் தள்ளிப்போட்டால் நமக்கான பயணம் ரத்து. கட்டிய பணம் திரும்பலாம். ரிசார்ட்டில் கட்டிய முன்பணம் திரும்பாது. அது ஒருவழிப் பயணமும்கூட. மாலேவிலிருந்து திரும்பி வர இன்னொரு எம்ப்டி லெக் நாம் கேட்கும் நாளில், நம் ஊருக்கே கிடைப்பது அபூர்வம். ஒற்றை ஆளாக, பையைத் தோளில் போட்டுக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் கிளம்பக்கூடியவருக்கு அது சரி. எட்டுப் பேர், முகூர்த்த நாள், பள்ளி விடுமுறை, முன்பதிவு என்று கட்டுண்ட குடும்பத்துக்கு எம்ப்டி லெக்கை நம்பித் திட்டம் போடச் சொல்வது பொறுப்பற்ற யோசனை.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைத்தான் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எம்ப்டி லெக் கால் விலைக்குக் கிடைப்பது ஏன்? முழு விலையை ஒருவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டதால். நம் பயணத்தில் மாலேவிலிருந்து மும்பைக்குக் காலியாகத் திரும்பும் இரண்டேகால் மணி நேரத்துக்கு நாம் ஆறே முக்கால் லட்சம் கட்டியிருக்கிறோம். அதே இருக்கைகளை ஆபரேட்டர் வேறொருவருக்கு விற்றால் ஒரே பயணத்துக்கு இரண்டு பேரிடம் பணம் வாங்குகிறார். விற்றால் நமக்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்க வேண்டும். கேட்காதவருக்கு அந்தப் பணத்தில் காலணாவும் வராது.

இத்தனையும் தெரிந்த பிறகு மலிவாக ஒருவர் கொட்டேஷன் கொடுத்தால் மகிழ்ச்சி வரும். அங்கேதான் அதிகம் கவனிக்க வேண்டும். இந்தியாவில் பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்ற, விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ வழங்கும் நான்-ஷெட்யூல்டு ஆபரேட்டர் பெர்மிட் வேண்டும். சொந்த உபயோகத்துக்கு என்று பதிவான விமானத்தை வாடகைக்கு விடக் கூடாது. உரிமம் இல்லாத பயணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2019 ஜனவரி 21 சாட்சி. பிரான்சின் நாந்த் நகரிலிருந்து வேல்ஸின் கார்டிஃப் நகருக்குக் கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவை ஏற்றிவந்த சிறு விமானம் ஆங்கிலக் கால்வாய்ப் பகுதியில் விழுந்தது. வணிகப் பயணத்துக்கான அனுமதி அந்த விமானத்துக்கும் இல்லை, அதை ஓட்டியவருக்கும் இல்லை. ஏற்பாடு செய்த டேவிட் ஹெண்டர்சனுக்கு 2021இல் 18 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. விலையில் குறைந்தது எதில் குறைந்தது என்று கேட்காமல் ஏறக் கூடாது.

தலைக்கணக்கு மறைப்பது பணத்தை மட்டும் என்றால்கூட நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். அது புகையையும் மறைக்கிறது. இந்த அளவு ஜெட் மணிக்கு ஏறக்குறைய ஆயிரம் லிட்டர் எரிபொருள் குடிக்கும். லிட்டருக்கு இரண்டரை கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆளில்லாமல் பறந்த 8 மணி நேரம் மட்டும் 20 டன். ஓர் இந்தியருக்குச் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 2 டன் என்றால், பத்துப் பேரின் ஓராண்டுப் புகையைக் காலி இருக்கைகள் கக்கியிருக்கின்றன. பயணி ஒருவருக்கு என்று பார்த்தால் தனி ஜெட்டுகள் சாதாரண விமானங்களைவிட 5 முதல் 14 மடங்கு அதிகம் மாசுபடுத்துவதாக ஐரோப்பாவின் டிரான்ஸ்போர்ட் அண்ட் என்விரான்மென்ட் அமைப்பு 2021இல் கணக்கிட்டது. போகும் நாடோ கடல்மட்டத்திலிருந்து சராசரியாக ஒன்றரை மீட்டர் உயரமே உள்ளது. கடல் ஏறுவதை உலகுக்குச் சொல்ல 2009 அக்டோபரில் அந்த நாட்டு அமைச்சரவை தண்ணீருக்கடியில் கூடியது. அந்தத் தீவின் அழகைப் பார்க்க இப்படிப் போவது, பார்க்கப் போகும் இடத்துக்கே நாம் செய்யும் கேடு.

தனி விமானமே கூடாது என்று நான் சொல்லவில்லை. உயிருக்குப் போராடுபவரை ஏற்றிச் செல்லும் ஏர் ஆம்புலன்ஸுக்கு யாரும் விலை பேச மாட்டார்கள். விமான சேவை இல்லாத மூன்று ஊர்களில் ஒரே நாளில் வேலை முடித்துத் திரும்ப வேண்டிய குழுவுக்கு ஒரு கிங் ஏர் டர்போபிராப் நியாயமான ஏற்பாடு. விமானம் காத்திருப்பதும் சில மணிகள்தான், காலியாகப் பறப்பதும் குறைவு. மாலத்தீவிலேயே நூனு அட்டோலில் மாஃபாரு விமான நிலையம் இருக்கிறது. தனி ஜெட்டுகள் நேரே அங்கே இறங்கலாம். சுற்றியுள்ள ரிசார்ட்டுகளுக்குப் படகில் போய்விடலாம், சீபிளேன் நேரத்துக்கு ஓட வேண்டாம். அங்கே நேரம் மிச்சம் என்ற வாதத்துக்கு உண்மையான பொருள் உண்டு. ஆனால் அங்கேயும் 12 மணி நேரம் 4 ஆகிவிடாது.

பணம் இருப்பவர் செலவழிக்கிறார், உனக்கென்ன என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. உண்மையிலேயே அளவற்ற பணம் உள்ளவருக்கு இந்தத் தலைக்கணக்கு தேவையே இல்லை. அவர் வகுத்துப் பார்ப்பதில்லை. இந்தக் கணக்கைக் காட்டி இழுக்கப்படுபவர்கள் வேறு ஆட்கள். முப்பது வருடம் கடையையோ பட்டறையையோ நடத்திச் சேர்த்துவைத்து, வாழ்க்கையில் ஒரு முறை குடும்பத்தைச் சந்தோஷப்படுத்த நினைக்கும் அப்பாக்கள், பெற்றோருக்குச் செய்ய ஆசைப்படும் பிள்ளைகள். 12 லட்சம் என்று வீட்டில் சொல்லிவிட்டு முன்பணமும் கட்டிய பிறகு 49 லட்சம் என்று தெரியவந்தால், ரத்து செய்தாலும் நஷ்டம், தொடர்ந்தாலும் கடன். அவர்களுடைய ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஆசையை வைத்து அரைகுறைக் கணக்கு விற்பதைத்தான் குற்றம் என்கிறேன்.

செலவைத் திட்டமிடுவது என்றால் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். ரிசார்ட்டிடம் கடைசிச் சீபிளேன் எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, விமானம் தன் தளத்திலிருந்து எப்போது கிளம்ப வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அந்த நேரத்தில் அந்த ஊரில் புறப்பாட்டு அனுமதி கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். கொட்டேஷனில் காலிப் பயணங்கள் எத்தனை மணி, காத்திருக்கும் நாளுக்கு எவ்வளவு, ஜிஎஸ்டி சேர்ந்ததா, மாலத்தீவின் புறப்பாட்டுக் கட்டணம் யார் பொறுப்பு, விமானம் பழுதானால் மாற்று விமானத்துக்கு யார் பணம் கொடுப்பது, எத்தனை நாளுக்குமுன் ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பவை தனித்தனி வரியாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே ஒரே ஒரு மொத்தத் தொகை. அதை எட்டால் வகுக்காதீர்கள். கொழும்பு வழியாகச் சாதாரண விமானத்தில் போனால் ஆகும் மொத்தத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தச் சில மணி நேரத்துக்கு நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை.

அந்த வித்தியாசத்தில் அதே ரிசார்ட்டில் இன்னும் சில நாள் தங்கலாம். எட்டுப் பேருக்குப் பதில் பதினைந்து பேரை அழைத்துப் போகலாம். இதையெல்லாம் பார்த்த பிறகும் ஜெட்தான் வேண்டும் என்றால் அது உங்கள் பணம், உங்கள் முடிவு; கண் திறந்து எடுத்த முடிவு. விற்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. முதல் பேச்சிலேயே மொத்தத் தொகையைச் சொல்லுங்கள். மணிக்கு இவ்வளவு, தலைக்கு இவ்வளவு என்று தொடங்கும் எந்தப் பேச்சையும் வாடிக்கையாளர் அங்கேயே நிறுத்தி, விமானம் எங்கிருந்து வருகிறது, எங்கே திரும்பிப் போகிறது, அதற்கு யார் பணம் கொடுக்கிறார் என்று கேட்க வேண்டும். பதில் சொல்லத் தயங்குபவரிடம் முன்பணம் கட்டக் கூடாது.